சிக்னல் எட்டும் உயரம்

எத்தனை கிலோ, என்ன விலை என்று நவரட்ணம் கேட்கவில்லை. வேட்டைச் சாமான் கடையில் அவர் கேட்டது ஒன்றைத்தான்: இதைக் கட்டினால் மரத்தில் எவ்வளவு உயரம் ஏறலாம்?

கிளைம்பிங் ஸ்டிக் என்பது இருபுறமும் படி வைத்த உலோகக் கட்டை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மரத்தில் வரிந்து கட்டி ஏறி, மேலே பரணில் இருந்து மானுக்குக் காத்திருக்கலாம். நவரட்ணம் ஐந்து கேட்டார். நான்கு கட்டை தாராளம் என்றார் கூட வந்த ஜாபர். மதுரைக்காரர், கனடாவில் யூனியன்வில்லில் வீடு, கம்ப்யூட்டர் வேலை.

"அஞ்சாவது எதுக்குண்ணே? மான் வேட்டையா, புறா வேட்டையா?"

"சிக்னலுக்கு, ஜாபர்."

லிண்ட்சேக்கு அப்பால் அவர்கள் வேட்டையாடும் காடு ஒரு பள்ளம். தரையில் போன் வேலை செய்யாது. போன வருடம் பரணில் எழுந்து நின்று கையை உயர்த்தியபோதுதான் ஒரு சிக்னல் கோடு தெரிந்தது. அப்போது அது வேடிக்கை. இப்போது, 2009 இலையுதிர் காலத்தில், அந்தக் கோடு இல்லாத இடத்துக்கு நவரட்ணம் போகமாட்டார்.

மே மாதம் ஊரில் போர் முடிந்தது. கடைசிவரை முள்ளிவாய்க்காலில் நின்ற தம்பி அன்புராசா, வீட்டில் ராசன், உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. தப்பியவர்களை அடைத்துவைத்த முகாம்களுக்குள் இருப்பவர்கள் யாரோ ஒருவரின் போனில் ஒளித்து அழைப்பு எடுப்பார்கள். தவறவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. நவரட்ணம் குளிக்கும்போதும் போன் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"இஞ்சேருங்கோ, உதைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு விசர் பிடிக்கப்போகுது. ஒருக்கால் காட்டுக்குப் போட்டு வாங்கோ" என்று துரத்தியது மனைவி யோகமலர்தான்.

பாரம் குறைந்த அலுமினியக் கட்டைகள் ஐந்து வாங்கினார். வோபர்னில் தன் வீட்டுக் கராஜில் வேலை தொடங்கியது. உலோகம் உலோகத்தில் பட்டால் மான் பறந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் ஹொக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப்பை இறுக்கிச் சுற்றினார். கிலுங்கும் பக்கிள்களைக் கழற்றிவிட்டுக் கயிறு போட்டார். வலது முழங்கால் அதிகம் மடங்காது என்பதால், படிகளுக்கு நடுவே கால் வைக்க ஒரு நாடா வளையம் தொங்கவிட்டார். பின்வளவு மேப்பிள் மரத்தில் ஏறிப் பார்த்தார். ஒரு சத்தமில்லை.

"இவ்வளவும் செஞ்சுட்டு போனை ரிங்லயா வைப்பீங்க?" ஜாபர் தலையில் அடித்துக்கொண்டார். "வைப்ரேட்ல போடுங்கண்ணே."

"தடிச்ச ஜக்கெற்றுக்குள்ளை தெரியாது."

"அப்ப நான் வேற மரம்!"

சனிக்கிழமை காலை. ஐந்தாவது கட்டைக்கு மேலே பரண். இடுப்புப் பட்டி மரத்தோடு பூட்டியிருந்தது. போனில் இரண்டு கோடு. வெயில் ஏறியபின் கிளைக்கொம்பன் ஒன்று புதருக்குள் இருந்து வெளியே வந்தது. நவரட்ணம் வில்லை மெல்லத் தூக்கினார். மான் இன்னும் இரண்டடி வைக்கவேண்டும்.

போன் அலறியது.

மான் போன திசையை அவர் பார்க்கவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்தெறிந்தார்.

"ஹலோ! ஆர்?"

இரைச்சல். பிறகு, "அண்ணை, நான்தான். ராசன்."

நவரட்ணம் போனைக் காதோடு அழுத்தினார்.

"அண்ணை, லைனிலை நிக்கிறியளோ? நான் வவுனியா காம்பிலை. காலிலை சின்னக் காயம், மாறீட்டுது. சுகமா இருக்கிறன்."

"சாப்பிட்டியோடா?" அவருக்கு வந்தது அவ்வளவுதான்.

"ஓம், ஓம். நீங்கள் எங்கை, காத்து இரையுது?"

"மரத்திலை."

"என்னது?"

"மரத்திலை இருக்கிறன்ரா!"

"கனடாவிலை போயும் மரம் ஏறுறியளோ?" அந்தப் பக்கம் தம்பி சிரித்தான். பல வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. யாரோ போனைக் கேட்டார்கள். பிறகும் எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

மான் பாய்ந்த சத்தத்துக்கு ஓடிவந்த ஜாபர் கீழே நின்று கத்தினார். "நான் சொன்னேன்ல! போச்சா?"

"தம்பி இருக்கிறான், ஜாபர்! உயிரோடை இருக்கிறான்!"

ஜாபர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "இறங்குங்கண்ணே, கட்டிப்பிடிக்கணும்."

"பொறும்" என்றார் நவரட்ணம், கண்ணைத் துடைத்தபடி எண்களை அழுத்திக்கொண்டே. "இறங்கினால் சிக்னல் போயிடும். முதல் யோகத்துக்குச் சொல்லவேணும். பிறகு மாமிக்கு, லண்டனுக்கு…"

ஜாபர் வேரில் குந்தி, பிளாஸ்க்கைத் திறந்து, கோப்பியை ஊற்றத் தொடங்கினார்.