வெட்டாமல் விட்ட கொப்பு

அரபு நாட்டில், ஃபர்வானியாவில் மகனோடு இருக்கிறோம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் குளிர்நாட்டுச் செடி என்று விற்ற டாக்வுட் ஒன்றை என் மனைவி வாங்கிவந்தாள். சிவப்புத் தண்டு, பச்சை இலையைச் சுற்றி வெள்ளைக் கரை. இந்த ஊர் வெயில் பட்டால் அந்த வெள்ளைதான் முதலில் கருகும். அதனால் தொட்டியை ஹாலில், ஏசிக் காற்று நேரே படாத யன்னலோரம் வைத்திருந்தாள். மண் காய விடமாட்டாள்.

சில கொப்புகள் வெள்ளையே இல்லாமல் முழுப் பச்சையாகக் கிளம்பும். அவற்றை அடியோடு வெட்டுவாள். விட்டால் வேகமாக வளர்ந்து வெள்ளைக் கரைக் கொப்புகளை அமுக்கிவிடுமாம்.

"நல்லா வளருறதைப் பிடிச்சு வெட்டுறீர்," என்பேன்.

"உங்களுக்கு விளங்காது. பேசாம இருங்கோ."

தன் தங்கைக்கு ஒப்பரேஷன் என்று அவள் யாழ்ப்பாணம் போனாள். மகன் டியூட்டிக்குப் போனால் மாலைவரை நான் தனி. ஹாலுக்கும் அறைக்கும் நடப்பேன். பேப்பரில் மனம் நிற்காது. படுத்தால் எழும்பத் தோன்றும். அந்த வீட்டில் தினமும் மாறிக்கொண்டிருந்தது புதிதாகக் கிளம்பிய பச்சைக் கொப்பு ஒன்றுதான். காலையில் அதைப் பார்க்கத்தான் எழுந்தேன். வெட்டவில்லை.

வீடியோ அழைப்பில் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பச்சை வந்தா வெட்டுறீங்களோ?"

"ஓம், ஓம்."

"காட்டுங்கோ பாப்பம்."

தொட்டியைத் திருப்பி வெள்ளைக் கரைப் பக்கத்தைக் காட்டினேன். அவள் போனைக் கட்டிலில் கிடந்த தங்கையிடம் நீட்டினாள். "பார், என்ர செடி. அத்தான் என்னைவிட நல்லாப் பாக்கிறார்."

அதன்பிறகு ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் தொட்டியைத் திருப்பிவைத்தேன். காட்டக்கூடிய பக்கம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நெட் சரியில்லை என்றேன். வெட்டாமல் விட்டதை இரக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திருப்பிவைத்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றியதும் நேரே யன்னலடிக்குப் போனாள். வெள்ளைக் கரைக் கொப்புகள் பச்சைக்குள் அமுங்கிப் பட்டுப்போயிருந்தன; ஒரு இலையிலும் வெள்ளை இல்லை.

"வெட்டேல்லை. பொய் சொன்னனான்," என்றேன்.

"நான் தங்கச்சிக்கெல்லோ பெருமையாக் காட்டினனான்," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் எல்லாத் தண்டையும் மண்ணோடு ஒட்ட வெட்டினாள். அடியிலிருந்து வெள்ளைக் கரை மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்றாள். அதன்பிறகு அவள் செடியைப் பற்றி என்னோடு பேசவில்லை. நான் மூக்குக்கண்ணாடியோடு தொட்டியடியில் குந்துவேன், எழும்புவேன், திரும்பவும் வந்து குந்துவேன்.

முதல் முளை விரிந்தது. அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள்.

"முழுப் பச்சை," என்றேன்.

"அப்ப வெட்டுங்கோ."

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வெட்டினேன். கீழே இன்னும் ஒரு முளை இருக்கிறது. விரிந்தால்தான் தெரியும்.