ஏணி சாத்திய மரங்களின் லாபம்

அந்த மெல்லிய புத்தகம் லண்டனில் அச்சானது. வழவழப்பான அட்டை, உள்ளே பத்துப் பன்னிரண்டு பக்கம். கதை இல்லை, பாட்டு இல்லை, ஒரு படம்கூட இல்லை. அதைப் படித்த மதியம் மலாக்காவின் காஜா பெராங் சாலையில் நான் சைக்கிளை மிதித்த வேகத்தில் இரண்டு கோழிகள் பிழைத்தது அவற்றின் சாமர்த்தியம்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வந்த புதிது. எல்லாம் கைமாறிக்கொண்டிருந்தது. துரை உட்கார்ந்த நாற்காலியில் ஒரு காலையில் நம்மூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். காற்றில்கூட ஏதோ பேரம் நடப்பதுபோல இருக்கும். நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அடுத்த மேசையில் ஒரு மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ்க் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர். கோயிலில் எனக்கு முன்னால் நின்று கும்பிடுவார், ஆனால் தமிழ் வராது. உறவுச் சொற்கள் மட்டும் வரும். என்னைத் தம்பி என்பார், என் மனைவியைத் தங்கச்சி என்பார், மிச்சமெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். அவர் பேசியதை இங்கே தமிழில் போடுகிறேன்.

"தம்பி, ரப்பர் தோட்டம் ஒன்னு வாங்குறியா?" என்றார் அவர், அந்தப் புத்தகத்தை, ஒரு ரப்பர் கம்பெனியின் ஆண்டறிக்கையை, என் மேசையில் போட்டு.

"எதுல வச்சு வீட்டுக்குக் கொண்டு போறது அண்ணே? சைக்கிள்லயா?"

"சிரிக்காதே. துண்டு துண்டா விக்கிறாங்க. ஒரு துண்டுக்குப் பேர் ஷேர். வெள்ளைக்காரன் கப்பல் ஏறிக்கிட்டிருக்கான், விலை இறங்கியிருக்கு. இந்தக் கணக்கை மட்டும் கத்துக்கோ."

கற்றுக்கொண்டேன். ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கு: அதுதான் முழுக் கம்பெனியின் விலை. அதை மரம் நட்ட ஏக்கரால் வகு: ஓர் ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்று வந்துவிடும். அவ்வளவுதான்! ஒரு துண்டுத் தாளில், பென்சிலால், ஒரு மலை, ஒரு ஆறு, ஆயிரக்கணக்கான மரங்கள், அத்தனைக்கும் விலை போட்டுவிட்டேன். தலைக்குள் விளக்கேற்றியதுபோல இருந்தது. அதுவரை தோட்டம் என்றால் எனக்குப் பஸ் ஜன்னலில் ஓடும் இருட்டுப் பச்சை. இப்போது அது பேசியது. ஏக்கருக்கு எத்தனை ராத்தல் பால், ராத்தலுக்கு என்ன செலவு, என்ன லாபம், அந்த லாபத்தில் பங்குக்காரனுக்கு எவ்வளவு ஈவு. வரிக்கு வரி படித்தேன். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்திலெல்லாம் படித்தேன்.

இந்தக் கம்பெனியோ அள்ளிக் கொடுத்தது. ஏக்கர் மலிவு. விளைச்சல் போன வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மறுநடவுச் செலவு என்ற வரிக்கு எதிரே ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. எவ்வளவு சிக்கனமான ஆட்கள் என்று மெச்சிக்கொண்டேன். லாப ஈவு, பேங்கு தரும் வட்டியைப் பார்த்து ஏளனம் செய்தது.

சனிக்கிழமை மதியம் அந்தச் செட்டி நண்பரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். திங்கள் காலை ஒன்பதுக்குத் தரகர் அலுவலகத்திலிருந்து சிங்கப்பூருக்கு டெலிபோன் போகும். அதற்குள் என் பெயருக்கும் அவர் பங்கு வாங்கும் சீட்டு எழுதிவிடுவார்.

போட நினைத்த பணம் வீட்டுக்கென்று சேர்த்தது. உஜோங் பாசிர் பக்கம் ஒரு சின்ன மனை, மேலே பலகை வீடு. அதில் பாதிக்கு மேல் என் மனைவியுடையது. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் தோட்டத்தில் மரம் வெட்டியவள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவள், அவள். அவளிடம் கேட்காமல் சரி சொன்னது என் அவசரம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த அவசரத்துக்குச் சமாதானம்.

அவள் அடுப்படியில் நெத்திலியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். என் குரல் ஏறிக்கொண்டே போனது. விளைச்சல் வரி வந்ததும் அவள் கை நின்றது.

"புது மரமாங்க?"

"இல்ல, எல்லாம் பழைய மரம். இங்கேயே போட்டிருக்கான், நட்ட வருஷம்."

"பழைய மரம் எப்பிடிங்க திடீர்னு கூடக் குடுக்கும்?"

"நிர்வாகம் நல்லா இருக்கு."

"நிர்வாகம் எந்த மங்குலங்க பால் வடிக்குது?" என்றாள். மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். "தோட்டம் எங்க இருக்கு?"

"பஸ்ஸுல ஒரு மணி நேரம்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. போய்ப் பாத்துட்டு வந்துருவோம். மீன் வாங்குறதுக்கே செவுளத் தூக்கிப் பாக்குறோம்."

முதல் பஸ்ஸில் போனோம். தோட்டத்துக்கு விடுமுறை. மர நிரைகளுக்குள் யாரும் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. நான் ஏக்கர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் பட்டைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பத்து மரம் தாண்டவில்லை, நின்றாள்.

ஏணி. மரத்துக்கு மரம் இல்லை, நிரைக்கு ஒன்றாகச் சாத்தி வைத்திருந்தார்கள். அவள் ஒன்றில் இரண்டு படி ஏறி, தலைக்கும் மேலே உயரத்தில் இருந்த வெட்டைத் தடவிக் காட்டினாள். அந்தப் பக்கமும் ஒரு வெட்டு. கீழே ஒன்று. சீவுவதற்குப் பட்டையே மிச்சமில்லாத உடம்பு.

"பாத்தீங்களா? சாய்க்கப் போற மரத்தத்தான் இப்பிடி வெட்டுவோம். இருக்குற பாலையெல்லாம் உருவிட்டு விட்டுருவாங்க. ரெண்டு வருசம், மிஞ்சிப் போனா மூணு. அப்பறம் வெறகு."

"சாய்ச்சா புதுக்கன்னு நடுவாங்கல்ல?"

"எங்க நட்டுருக்கான், காட்டுங்க. நட்டு ஆறு ஏழு வருசம் ஆவும் வெட்டுக்கு வர. இந்நேரம் பாதித் தோட்டம் சின்ன மரமா நிக்கணும். கன்னு வளக்குற தவரணைகூட இல்ல."

வெறும் கோடு! மறுநடவுக்கு எதிரே நான் மெச்சிய அந்த வெறும் கோடு என் கண் முன்னால் நீண்டு நீண்டு நிரைகளாக நின்றது. ஈவு என்று கொடுப்பது லாபம் இல்லை, மரத்தின் உயிர். விற்றுவிட்டுப் போகப்போகிறவன் போகிற வழியில் வீட்டைப் பிரித்து விறகாக்கிக்கொண்டிருக்கிறான். ஏக்கர் மலிவாக இருந்தது ஏன் என்றும் புரிந்தது: வாங்குகிறவர்களில் யாரோ ஒருவன் எனக்கு முன்பே இங்கே வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறான்.

வருத்தம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. புத்தகத்தின் அந்த எண்களுக்கு அடியில் இன்னொரு புத்தகம் இருக்கிறது, அதை என் மனைவி படிக்கிறாள்! அந்த நிரைக்குள் நான் ஏதோ கத்தியிருக்கிறேன்போல. "மெதுவா, வாச்மேன் வந்துரப் போறான்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

திங்கள் காலை எட்டரை தாண்டிவிட்டது, சைக்கிளில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே ஓடினேன். ஆற்றோரம் கடைவீட்டு மாடியில் தரகர் அலுவலகம். நண்பர் படியில் சீட்டுகளோடு ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னோடத நிறுத்துங்க!"

"அலாமா! தம்பி, விலை இன்னிக்கே ஏறும்."

மூச்சு வாங்க, ஏணியைச் சொன்னேன், பட்டையைச் சொன்னேன், வெறும் கோட்டைச் சொன்னேன். அவர் கைப்பிடியில் சாய்ந்து கேட்டார்.

"தங்கச்சி எப்போ ஷேர் படிச்சா?"

"ஷேர் படிக்கல அண்ணே. மரம் படிச்சிருக்கா."

என் சீட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் செருகினார். தன்னுடையதைக் கிழிக்கவில்லை. "ரெண்டு வருஷம் இருக்கில்லே? மரம் விழறதுக்கு முன்னாடி நான் இறங்கிடுவேன்" என்று கண்ணடித்தார். சொன்னபடி நல்ல விலைக்கு விற்று இறங்கவும் செய்தார். கொஞ்ச நாள் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்று தரகரின் குமாஸ்தாவிடம் வேறு மூன்று கம்பெனிகளின் ஆண்டறிக்கையை இரவல் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அவள் எதிரே விரித்தேன். முதலாவதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதில் ஈவு மிகச் சொற்பம், படிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இந்த முறை நான் வேறு வரிகளில் தொடங்கினேன்: நிலத்தில் பாதிக்குக் கிட்ட இளம் ஒட்டுமரங்கள், மூன்று வயது, நான்கு வயது, இந்த வருஷமும் புது நடவு.

அவள் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த வயசு வரிய இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

"இவன் இருக்கப் போறவன்" என்றாள்.

எழுந்து போய்ப் பேங்குப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "பாதி இதுக்கு. பாதி மனைக்கு, அதத் தொடக் கூடாது. ஞாயித்துக்கெழம இந்தத் தோட்டத்தப் பாத்துட்டு வந்துதான் சீட்டு எழுதணும். பஸ் எத்தன மணிக்கு, கேட்டுட்டு வாங்க."

நான் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.