வாய் திறக்காத மீன்

பெத்தா மீன் என்றாலே எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எல்லாருக்கும் கடையில் சிறு போத்தலில் விற்கும், வால் விரித்த சிவப்பு மீன்தான் ஞாபகத்துக்கு வரும். என் தொட்டியில் இருப்பது காட்டுப் பெத்தா. செராஸ் தாண்டி ஒரு மலையடி ஓடையில் குளிக்கப் போனபோது, தேங்காய்ப்பால் வடிகட்டியால் நானே பிடித்த ஜோடி. உடம்பெல்லாம் பழுப்பு, வெளிச்சம் பட்டால் செவுள் மட்டும் பச்சையாக மின்னும்.

"இதுக்குப் பாசார்ல நெத்திலி வாங்கி விட்டிருக்கலாம் லா" என்பார் என் கணவர்.

கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் கெத்தாபாங், அதாவது நாட்டு வாதுமை, மரத்தின் காய்ந்த இலைகளைப் பொறுக்கி, கழுவி, தொட்டியில் போடுவேன். தண்ணீரில் தேயிலைச் சாயம் இறங்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது அழுக்கு, மீனுக்கு மருந்து.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அவை ஜோடி சேர்ந்தன. ஆண் வளைந்து பெண்ணை அணைத்துக்கொள்ள, முட்டைகள் உதிர்ந்தன. பெண் அவற்றைப் பொறுக்கி, ஆணின் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகத் துப்பியது. ஆண் வாயால் பிடித்துக்கொண்டது. முறுக்குக்கு வைத்த எண்ணெய் புகைந்ததுகூடத் தெரியாமல் நான் நின்றிருந்தேன். தாய்க்கு வேலை அத்தோடு சரி. குஞ்சுகள் பொரிந்து நீந்தும் வரை, இரண்டு வாரம் போல, அப்பன்தான் வாய்க்குள் வைத்துக் காக்க வேண்டும். அதுவரை ஒரு வாய் தின்ன முடியாது. மிரண்டால் அத்தனையையும் விழுங்கிவிடும்.

இதைக் கணவரிடம் சொன்னேன். ம் கொட்டினார். அவர் ம் கொட்டுவதற்கும் காதில் வாங்குவதற்கும் சம்பந்தமே இல்லை.

வருடம் முழுக்கத் துடைப்பத்தைத் தொடாத மனிதருக்குத் தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் எங்கிருந்தோ ஒரு வேகம் வரும். நான் பூக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஜன்னல், மின்விசிறி, சாமி மேடை எல்லாம் பளபளத்தன. தொட்டியும்தான். இலைகள் குப்பைக்கூடையில் கிடந்தன. குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர் பளிச்சென்று நின்றது.

"ஆளுங்க வர்றாங்க இல்ல? கோப்பி மாதிரி தண்ணி இருந்தா நல்லாவா இருக்கும்?"

"ஐயோ, அது வாயில புள்ளைங்க இருக்குங்க!"

அவர் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், அதற்கும் நேரமில்லை. குளோரின் முறிக்கும் மருந்தை ஊற்றினேன். இலைகளைக் கழுவித் திரும்பப் போட்டேன். ஆண் மீன் மூலையில் செவுள் படபடக்க நின்றது. விழுங்கப் போகிறது என்றே நினைத்தேன். தொண்டை ஒருமுறை அசைந்தது. ஆனால் வாயின் உப்பல் குறையவில்லை. முட்டைகளை வாய்க்குள் புரட்டி வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் வந்த விருந்தாளி ஒருவர், "தண்ணி மாத்தலையா?" என்று கேட்டார்.

"அது அப்படித்தான் இருக்கணும்" என்றார் என் கணவர்.

தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி. இதுவரை அரை நாள் விரதம்கூடத் தாண்டாதவர், இந்த முறை ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்றார். வேலை முடிந்து வந்ததும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"அவன் சாப்பிட்டானா?"

"இல்லங்க."

"அப்ப எனக்கும் ஒண்ணும் வேணாம்."

மீன் மெலிந்து முதுகு கத்தி போலாகிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளை வளர்ப்பது என்பார்கள். அதை நான் கண்ணால் கண்டது அந்தத் தொட்டியில்தான்.

சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் காலை, விரதம் முடிக்க நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு அவர் வந்து உட்கார்ந்தபோது, மீன் வாயைத் திறந்தது. கண்ணும் வாலும் முழுசாக அமைந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எடுத்து வைத்திருந்த புழுக்களை அதன் முகத்துக்கு நேரே போட்டேன்.

மீன் பாய்ந்தது. அதே நேரம் ஒரு குஞ்சு வழிதவறி, திறந்த அந்த வாய்க்கும் புழுவுக்கும் நடுவில் வந்துவிட்டது. அத்தனை பசியிலும் மீன் அப்படியே நின்றது. குஞ்சு வாலை ஆட்டி ஆட்டிக் கடந்து போகும் வரை வாயை மூடவில்லை.

"நீ சாப்புடுப்பா முதல்ல" என்றார் கணவர், தொட்டிக் கண்ணாடியைத் தொட்டு. அது முதல் புழுவை விழுங்கிய பிறகுதான் தன் பொட்டலத்தைப் பிரித்தார்.