தயிர்ப் பெட்டிக்குச் சூடு போதாமல்போன ஞாயிறு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மாரிகாலம் வந்தால் எங்கள் வீட்டில் தயிர் உறையாது. அப்பா கொக்கட்டிச்சோலையில் எருமை வளர்த்தார். அம்மா பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, சட்டிகளில் வைத்து விற்பார். அடைமழையில் சாக்கு, வைக்கோல், பழைய சேலை என்று எதைச் சுற்றினாலும் பால் பாலாகவே கிடக்கும். எல்லாம் பக்கத்து வீட்டு மாமியின் கண்ணூறு என்பது அம்மாவின் உறுதியான முடிவு.

எங்களோடு இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, அதை ஏற்கவில்லை. அவர் பட்டணத்தில் மின்சாரப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார். பாதுகாவலர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பொம்பிளைப் பிள்ளை கரண்டில் கைவைப்பதா, தையல் படிக்கட்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். கடைசியில் பந்தயம் ஒன்று போட்டார்கள். மழைக்குள் பன்னிரண்டு சட்டி தயிரை உறையவைத்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் தையல்.

சின்னம்மா எங்கள் செத்துப்போன பிரிட்ஜை எடுத்து, அதன் அடியில் சூடாக்கும் கம்பிச்சுருளைப் பொருத்தினார். வெளிப்பக்கம் சிவப்பு எண்கள் ஒளிரும் கொன்ட்ரோலர். அதிலிருந்து உள்ளே போகும் மெல்லிய வயரின் நுனியில், சூட்டை அறியும் உலோக மொட்டு. நாற்பத்திரண்டு பாகைக்குக் கீழே இறங்கினால் ரிலே ‘டக்’ என்று கம்பிக்குக் கரண்டை விடும். மேலே ஏறினால் ‘டக்’ என்று நிறுத்தும். குளிரப் பண்ணுகிற பெட்டிக்குள் சூடு வைக்கிறாள், இனி அடுப்புக்குள் ஐஸ் போடுவாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த ஞாயிறு காலை பன்னிரண்டு சட்டிகளும் உள்ளே போயின. எனக்கோ மறுநாள் கணக்குச் சோதனை. ஒரு காய்ச்சல் வராதா என்று விடிந்ததிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் மத்தியானச் சோறு தின்ற நேரம் பார்த்து, பெட்டிக் கதவைத் திறந்து மொட்டை வெளியே இழுத்தேன். கதவைச் சாத்திவிட்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி மொட்டைக் கைக்கு அடியில், கமக்கட்டுக்குள் வைத்தேன்.

முப்பத்தாறு. எனக்குச் சப்பென்றாகிவிட்டது. பொறுத்தால் ஏறும் என்று அங்கேயே குந்தியிருந்தேன். என் உடம்பைத் தன் உள்சூடு என்று நினைத்த பெட்டி, போதாது போதாது என்று கம்பியை எரித்துக்கொண்டே இருந்தது எனக்கு எங்கே தெரியும்?

வெகுநேரமாக ‘டக்’ சத்தம் கேட்கவில்லையே என்று சின்னம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எண்ணைப் பார்த்தார். கதவைத் தொட்டுக் கையை உதறினார். அவர் கையை ஊதிய நேரம் பார்த்து, நான் கதவை இடுக்காகத் திறந்து மொட்டை அவசரமாக உள்ளே திணித்தேன். எண்கள் கடகடவென்று ஏறி அறுபதைத் தாண்டின. சின்னம்மா கதவை முழுதாகத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. தயிர் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நின்றது.

அம்மா கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுக்க ஓடினார். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன புள்ள, பெட்டி என்ன சொல்லுது?”

“பெட்டியில பிழை இல்ல அத்தான். வயரை நான்தான் ஒழுங்காக் கட்டல்ல. என்ட பிழை. இன்னும் ஒரு நாள் தாங்க.”

அப்பா உடனே இளகவில்லை. அம்மா திரிந்ததையெல்லாம் கடைந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு மோராக்கினார். கண்ணூறுக்கார மாமி உட்பட எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் வந்து குடித்தது. மூன்று கோப்பை உள்ளே போனபிறகுதான் அப்பா ஒரு நாள் கொடுத்தார்.

மறுநாள் சின்னம்மா மொட்டை என் கைக்கு எட்டாத உயரத்தில் நாலு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். நான் சோதனையைக் கெடுத்துவிட்டு வீடு வந்தபோது சட்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு சட்டியைத் தூக்கித் தன் தலைக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தார். அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டார். ஒரு சொட்டு விழவில்லை. கவிழ்த்த சட்டியோடு முற்றத்தை ஒருமுறை சுற்றிவந்து, தயிர் ஒட்டிய கையாலேயே கையெழுத்தும் போட்டார். சின்னம்மா என்னைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

படிப்புக்குப் புறப்பட்ட அன்று, பஸ் ஏறுமுன் அவர் குனிந்து என் காதருகே சொன்னார்:

“முப்பத்தாறு எண்டா காய்ச்சல் இல்ல மகள். பள்ளிக்குப் போகலாம்.”

படிக்கப் போகுமுன்பே டொக்டர் மாதிரிக் கதைக்கிறாரே என்று வியந்தேன். அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அடி எனக்கு, படிப்பு அவருக்கு என்று சுலபமாக முடிந்திருக்கும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பஸ் மறையும்வரை கையசைத்தேன், ஒருவரிடமும் பிடிபடாமல் தப்பிய சந்தோஷத்தோடு.