ஏழே ஏழு இங்கிலீஷ் வார்த்தை

ஊரில் என்னை வாயாடி என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறினால் மலைமேல் எங்கள் வளப்பூர் நாடு போய்ச் சேருவதற்குள் பக்கத்தில் இருப்பவளின் மாமியார் கதைவரை கேட்டு முடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவள், பெற்ற மகளோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். சண்டை கிடையாது. அவள் படிப்புக்காகத்தான்.

ஆங்கில வழிப் பிரிவில் அவளை ஒன்றாம் வகுப்பு சேர்க்கப் போனபோது, அங்கிருந்த டீச்சர் ஒரு யோசனை சொன்னார். வீட்டிலும் பிள்ளை காதில் இங்கிலீஷ்தான் விழ வேண்டும், தமிழைக் கலந்து பேசினால் குழம்பிப்போகும் என்றார். அவர் பத்துப் பேருக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். நான் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டேன். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். உருப்படியாகத் தெரிந்தது ஏழே ஏழு வார்த்தை: கம், கோ, சிட், ஈட், ஸ்லீப், குட், நோ. அவளிடம் மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் வாயைப் பூட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். முதலில் சிரித்தார். பிறகு அவரும் போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகிவிட்டார்.

ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அம்மா, இன்னிக்கி..." என்று தொடங்குவாள். நான் விரலை உதட்டில் வைத்து "நோ" என்பேன். ஒருநாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். எங்கே விழுந்தாய், யாராவது தள்ளிவிட்டார்களா என்று கேட்க நெஞ்சு துடித்தது. கேட்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. "சிட்" என்றேன். மஞ்சள் வைத்துவிட்டு "குட்" என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட கூறுகெட்டவளே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. நாலைந்து மாதத்தில் அந்தத் துடிப்பும் நின்றுவிட்டது. மிளகு காயப்போட்டேன், கிழங்கு பிடுங்கினேன், சோறு வைத்து "ஈட்" என்றேன். அவளும் தொடங்குவதை விட்டுவிட்டாள். வீடு அமைதியாக இருந்ததைப் படிப்பு ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழுந்தனார் மனைவியோடு எனக்கு நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வரப்பு ஓரத்துப் பலாமரத்தில் கேட்காமல் பழம் அறுத்துவிட்டாள். எங்கள் பக்கம் மனஸ்தாபம் வந்தால் பேச்சைத்தான் முதலில் நிறுத்துவோம். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். தப்புச் செய்தவர் முதலில் வாய் திறக்க வேண்டும், அதுவரை அப்படியேதான். யார் வீடு யார் வீட்டோடு பேசாது என்பது இங்கே எழுத்துப் பழகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மாற்றலில் வந்த புது டீச்சர். என் மகள் வகுப்பில் தமிழிலும் பேசுவதில்லை, இங்கிலீஷிலும் பேசுவதில்லை என்றார். வீட்டில் இங்கிலீஷ் மட்டுந்தான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். ஏழையும் ஒப்பித்தேன். அம்மாவோடு பேசுவாயா என்று முந்தின நாள்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"எங்கம்மா சின்னம்மாகூடப் பேசாதுங்க டீச்சர். எங்கூடவும் பேசாதுங்க. சின்னம்மா பலாப்பழம் அறுத்துட்டாங்க. நான் என்ன பண்ணுனேன்னுதான் தெரியலீங்க."

உங்கள் பேச்சிலேயே எல்லாவற்றையும் பேசுங்கள், வீட்டுப் பேச்சு நன்றாக வந்தால் இங்கிலீஷ் தன்னால் வரும் என்றார் டீச்சர். தலையாட்டினேன். அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வானம் மூடியிருக்கிறதே, மிளகை எடுத்து வைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நடந்தது.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அவள் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். தப்புச் செய்தவர்தான் முதலில் பேச வேண்டும். இரண்டு வருடப் பேச்சில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. பாதி வழி வந்த பிறகு எப்படியோ வாயைத் திறந்தேன்.

"சாமி, பசிக்குதா கண்ணு?"

அவள் நின்றாள். திரும்பி, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள்.