கம்பியோரத்தில் ஓர் ஆள் இடம்

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று காத்திருப்பவர்களும் போகலாம். இது அத்தனையும் பட்டப்பகலில், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில், என் அண்ணிக்கு நடந்தது. அண்ணி என்னைவிட இரண்டு வயது சின்னவள். பொய் சொல்லத் தெரியாத பிறவி. துணிக்கடையில்கூட, "நல்லா இல்லங்க" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

படம் வரைவதுதான் அவள் பிழைப்பு. பாடப்புத்தகம், மருந்து அட்டை, காலண்டர், எது வந்தாலும் வரைவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு தபால் தலை வரையும் வாய்ப்பு வந்தது. எங்கள் ஆற்றில் அறுபது வருஷம் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிய பயணிகள் படகின் படம். அதன் சரித்திரம் கொஞ்சம் கொடூரமானது. ஒரு நாள் காலையில் நடு ஆற்றில் மூழ்கியது. அதில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆட்கள் போனார்கள், படகை மட்டும் தூக்கி நிறுத்தி, பெயின்ட் அடித்து, மறுபடியும் ஓட்டினார்கள். பாலம் வந்ததும் ஓரம் கட்டிவிட்டார்கள். ஓரம் கட்டிய பிறகு மரியாதை செய்வதுதானே நம் வழக்கம், அதற்காகத்தான் தபால் தலை.

தபால் துறை அதிகாரி ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார். மூழ்கிய அன்று, துறையை விட்டுப் படகு கிளம்பும்போது கரையிலிருந்து எடுத்தது. வேறு போட்டோ இல்லையா என்று அண்ணி கேட்டாள். உயிரோடு இருக்கும் யாருடைய உருவமும் தபால் தலையில் வரக் கூடாது என்று அவர் சட்டம் பேசினார்.

"இதுல இருக்கிறவங்க யாருமே இப்ப இல்லம்மா. அதனால தொல்லை இல்ல."

மனுஷன் அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் என்று அண்ணி பிறகு என்னிடம் சொல்லித் திட்டினாள்.

போட்டோவில் மேல்தட்டு முழுக்கக் கூட்டம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் கம்பியோரத்தில் ஓர் இடம் மட்டும் காலி. சரியாக ஓர் ஆள் நிற்கும் அகலம். இந்தப் பக்கமும் நெரிசல், அந்தப் பக்கமும் நெரிசல், அங்கே மட்டும் ஒருவரும் கால் வைக்கவில்லை. முன்பல் விழுந்த வாய் மாதிரி அது அண்ணியின் கண்ணை உறுத்தியது. என் அண்ணனைக் கூப்பிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். வரைகிறவர்களுக்கு வீட்டு ஆட்கள்தானே ஓசி மாடல். அண்ணனும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஜம்மென்று நின்றான். அந்தக் காலி இடத்தில் அவனை வரைந்துவிட்டாள். நகம் அளவு உருவம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

நல்ல வெயில் காலம். வாட்டர் கலர் வைத்த சூட்டோடு காய்ந்துவிடும். படகு காய்ந்தது. ஆறு காய்ந்தது. அண்ணன் உருவம் மட்டும் காயவில்லை.

மறுநாளும் ஈரமாகவே இருந்தது. அண்ணி விரலை வைத்துப் பார்த்தாள். வர்ணம் ஒட்டவில்லை. வெறும் தண்ணீர்தான் ஒட்டியது… கலங்கல் தண்ணீர்.

அன்றைக்குத்தான் அண்ணனுக்கு இருமல் ஆரம்பித்தது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவன். தண்ணீரை வாளியில் பார்ப்பதோடு சரி. சாயங்காலத்துக்குள் மூச்சு கொரகொரவென்று இழுத்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது என்றார். ஆற்றில் குளத்தில் விழுந்தாரா என்று கேட்டார். படுக்கை காலி இல்லை, நாளைச் சாயங்காலம் கொண்டுவந்து சேருங்கள் என்று மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம். அண்ணன் அடுத்த அறையில் படுத்திருந்தான். வெளியே சுள்ளென்று வெயில்.

சளக்… சளக்… சளக்…

மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம். அண்ணி போய்க் குழாயை இறுக்கி மூடினாள். சத்தம் நிற்கவில்லை. குளியலறையிலிருந்து வரவில்லை. கூடத்திலிருந்தும் வரவில்லை.

அவள் வரைகிற மேஜையிலிருந்து வந்தது.

கிட்டே போய்ப் பார்த்தாள். போட்டோவில் இருந்தபடி, அண்ணனுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களைக் கம்பியைப் பிடித்தபடிதான் வரைந்திருந்தாள். இப்போது அவர்கள் கை கம்பியில் இல்லை.

அண்ணன் தோளில் இருந்தது… இரண்டு பக்கமும்.

அண்ணி வெள்ளை வர்ணத்தைக் குழைத்து அண்ணன் உருவத்தின் மேல் பூசினாள். அடுத்த அறையில் அவனுக்கு மூச்சு அடைத்தது. தூரிகையை எடுத்தாள். மூச்சு வந்தது.

மறுபடி பூசினாள்.

அடைத்தது.

எடுத்தாள்…

வந்தது. ஆனால் முன்பைவிட மெதுவாக.

தூரிகை கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. படத்தை வாங்கிப் போக அதிகாரி வந்திருந்தார். அண்ணியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக மேஜைக்குப் போய், லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

"போட்டோவில் இந்த இடம் காலியா இருந்துச்சே. இது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"இருக்காரா?"

அடுத்த அறையில் சத்தமே இல்லை. இருமல் இல்லை. மூச்சு இழுக்கவில்லை. அண்ணி அந்தக் கதவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் படம் தள்ளுபடி. அது போய்த் தொலையட்டும். ஆனால் எது உண்மை என்றே அந்த நிமிஷம் அவளுக்குத் தெரியவில்லை.

"இருக்கார் சார். உயிரோடதான் இருக்கார். அப்படியே எழுதுங்க."

அதிகாரிக்குக் கோபம். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். அண்ணன் உருவத்தைச் சுற்றி வட்டம் போட்டார். ஓரத்தில் எழுதினார்: 'உயிருடன் இருப்பவர். நீக்கவும்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

பென்சிலை எடுப்பதற்குள் அடுத்த அறையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து வந்தது. சேறு கலந்த தண்ணீர். அதிகாரி செருப்பை மாட்டாமலே படி இறங்கிவிட்டார்.

அண்ணி உள்ளே ஓடினாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பசிக்கிறது என்றான்.

அடுத்த நாள் நான் வந்தபோதும் அந்த அறையில் சேறு காய்ந்து கிடந்தது. நான்தான் சுரண்டித் துடைத்தேன். அந்தப் படத்தையும் பார்த்தேன். சிவப்பு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் வெறும் வெள்ளைக் காகிதம். உலர்ந்து மொறமொறவென்று இருந்தது. பக்கத்து ஆட்களின் கை பழையபடி கம்பியில் இருந்தது.

அண்ணி புதிதாக வேறு படம் வரைந்துகொடுத்தாள். அந்த இடத்தைக் காலியாகவே விட்டாள். தபால் தலை அப்படித்தான் வெளிவந்தது, வேண்டுமானால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

வெளியீட்டு விழா பழைய படகுத்துறையில் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். அந்தக் காலத்தில் துறையில் வேலை பார்த்தவர் என்று ஒரு பெரியவரை மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். விழா முடிந்ததும் அவர் எங்களை நோக்கி வந்தார். என் முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படகுத்துறைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவரின் பிள்ளைகளா என்று கேட்டார். ஆமாம் என்றோம், அது எங்கள் அப்பா.

"கரையில நின்னு கயிறு அவிழ்க்கிறது என் வேலை. படகு மூழ்கின அன்னிக்கு, தபால் தலையில காலியா இருக்கே, அந்த இடத்துலதான் உங்கப்பா நின்னார். குடையைக் கடையிலேயே விட்டுட்டேன்னு குதிச்சு இறங்கினார். 'இடத்தைப் பாத்துக்குங்க, இதோ வந்துடுறேன்'னு சொல்லிட்டு ஓடினார். 'நீங்க போயிட்டு வாங்க, ஒருத்தரையும் நிக்க விடமாட்டோம்'னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. அவர் வர்றதுக்குள்ள நான் கயிறை அவிழ்த்துட்டேன்."

அப்பா இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வயதாகி, வீட்டில், கட்டிலில் படுத்தபடிதான் போய்ச் சேர்ந்தார்.

வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணி ஒன்று சொன்னாள். அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் வேறு ஆட்களைப் போட்டுப் பார்த்தாளாம். போஸ்ட்மேனை வரைந்தாள், மாடி வீட்டுக்காரரை வரைந்தாள், மனதில் தோன்றிய யாரையோ வரைந்தாள். எண்ணெய்த் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி வர்ணம் விலகி ஓடிவிட்டதாம். காகிதத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டாளாம். அண்ணன் உருவம் மட்டும்தான் ஒட்டியது.

இதைச் சொல்லும்போது அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள்.