ஆறு நாள் வெளிச்சம்

குடியாத்தத்துக் குன்றின் மேலிருந்து தெற்கே பார்த்தால், பாலாற்றுக்கு அப்பால், ஜவ்வாது மலையின் உச்சியில் பட்டப்பகலில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது. பகலில் முளைத்த நட்சத்திரம் போலிருந்தது. "அது நம்ம பாய்டா" என்றார் எங்கள் ஆட்களை மேய்க்கும் ஜமேதார். இரண்டு நாளைக்கு முன் பாயை அந்த உச்சியில் விட்டுவிட்டு வந்தவன் நான்தான். ஆனாலும் அந்தப் பொட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மனம் ஏற்கவில்லை.

ஜெர்மன் சண்டைக்கு முன்பு, நில அளவைக் கூட்டத்தில் நான் அளவுச் சங்கிலி இழுக்கும் செயின்மேனாக இருந்தேன். ஆம்பூரில் என் அப்பாவும் அண்ணன்களும் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்து நான் இந்த வேலைக்கு வந்தேன். பாயும் ஆம்பூர்க்காரர்தான். மனைவி இறந்து, ஒரே மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த பிறகு, அவருக்கு வீடென்று ஒன்று இல்லை. எங்கள் வெள்ளைக்காரத் துரை ஒரு குன்றில் கருவியை வைத்து, தூரத்து மலையுச்சியைக் குறிபார்த்து அளப்பார். உச்சி சரியாகப் புலப்படுவதற்காக அங்கே பாய் ஒரு வட்டக் கண்ணாடியோடு உட்கார்ந்து, வெயிலை வாங்கித் துரையின் பக்கம் திருப்பிவிட வேண்டும். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் நகர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து இன்னொரு கண்ணாடியால் மூன்று தடவை மின்னிக் காட்டுவோம். அதைப் பார்த்த பிறகுதான் அவர் இறங்கலாம். அதுவரை பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

"பேஜாரா இருக்காதா பாய்?" என்று ஏறும்போது கேட்டிருந்தேன். "மொத நாளு இருக்கும். அப்புறம் வெயிலு பின்னாடியே போயினு இருப்பேன், பொழுது போய்டும்" என்றார்.

பாயை விட்டுவந்த ஐந்தாம் நாள் அளவு முடிந்தது. சைகை காட்டலாமென்றால் தெற்கே மேகம் மூடிவிட்டது. நாளைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் விடிந்ததும் கூடாரங்களைப் பிரித்து வண்டிகளில் ஏற்றி, திமிரிக்குப் புறப்பட்டோம். சைகையை யாரும் காட்டவில்லை. எனக்கு நினைவில்லாமல் இல்லை. வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். ஜமேதார் ஆள் அனுப்பியிருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வாய் திறந்து கேட்டால் என்னையே ஏறச் சொல்வார்கள் என்கிற பயம். அந்த மலைக்குப் பாதை கிடையாது. முதல் தடவை அடிவாரத்து ஆள் ஒருவர் முன்னால் புதரை வெட்டிக்கொண்டே போக, ஒரு பகல் முழுவதும் பிடித்தது.

மூன்று நாள் கழித்துத் திமிரியில் பெட்டிகளைப் பிரித்தபோது ஒரு கண்ணாடி குறைந்தது. துரை சத்தம் போட்டார். ஜமேதார் முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தார். "நீதானே கொண்டுபோய் வுட்ட? ஓடிப்போய் கண்ணாடிய வாங்கினு வா. சர்க்கார் சாமான், ஒடைஞ்சிதுன்னா என் வேலை போய்டும்." பாயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் நடந்து அடிவாரத்தை அடைந்தேன். வழிகாட்டியவர் ஊரில் இல்லை; தனியாகவே ஏறினேன். நாங்கள் வெட்டிய அடையாளங்கள் மூங்கில் புதர் வரைக்கும் தெரிந்தன. பிறகு எல்லா மரமும் ஒன்றுபோல் இருந்தது. காய்ந்த ஓடையைப் பிடித்து ஏறினேன். அது ஒரு செங்குத்துப் பாறையில் முட்டி நின்றது. சுற்றிப் போனால் சூரைமுள். வேட்டி கிழிந்து, முன்கையெல்லாம் ரத்தக் கோடு. சருகில் கால் புதையும் இடங்களில் பாம்புக்குப் பயந்து கழியால் தட்டிக்கொண்டே போனேன். கரடி பறித்த புற்று ஒன்று ஈரமண்ணோடு கிடந்தது. "பாய்!" என்று கத்தினேன். மரங்களுக்குள் என் குரல் பத்தடி கூடப் போகவில்லை. பன்னிரண்டு நாள் இந்த அமைதிக்குள் ஒருவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன். எட்டு நாளைக்குத்தான் அரிசி கொடுத்திருந்தோம்.

வெயில் சாயத் தொடங்கும்போது மரங்கள் விலகிப் பாறை தெரிந்தது. பாய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்குள் துருத்தி நின்றது. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"செத்த இரு. கை ஆடினா வெளிச்சம் தப்பிப் போய்டும்."

அவருடைய கண்ணாடி திரும்பியிருந்த திசையில் பார்த்தேன். பாலாற்று மணலுக்கு அப்பால் குடியாத்தத்துக் குன்று மங்கலாகத் தெரிந்தது. அங்கே ஆறு நாளாக யாரும் இல்லை.

"வேலை முடிஞ்சிபோச்சு பாய்" என்றேன்.

"எப்போ?"

"நேத்து."

அவர் முகம் மலர்ந்தது. "நேத்து நல்ல வெயிலு. மேகம் வந்த அன்னிக்கிதான் கொஞ்சம் கம்மி." வெடித்த உதடுகளோடு சிரித்தார். அத்திக்காயும் ஏதோ கிழங்கும் தின்று நாலு நாளை ஓட்டியிருந்தார். நான் கொண்டுபோன பொரியைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தின்றார்.

மறுநாள் காலையில் அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கினேன். பாதி மலையில், "குடியாத்தம் போய்ச் சேர எவ்ளோ நாழி ஆவும்?" என்று கேட்டார். யோசிக்காமல், "குடியாத்தம் இல்ல பாய், திமிரி" என்று சொல்லிவிட்டேன்.

பாய் நின்றார். திமிரி எவ்வளவு தூரம், வண்டி எத்தனை நாள் போகும், நான் எத்தனை நாள் நடந்திருப்பேன் என்பதெல்லாம் தெரிந்தவர். என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மரங்களைப் பிடித்துப் பிடித்துத் தானாகவே இறங்கினார்.

மாதனூர் சாலைக்கு வந்ததும் கண்ணாடிப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"நீங்க வரலையா பாய்?"

"நான் எதுக்கு? இது போய்ச் சேர்ந்தா போதும் இல்ல."

ஆம்பூர்ப் பக்கம் திரும்பி நடந்தார். கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. திமிரியில் ஜமேதார் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை வெயிலில் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். "நல்லா இருக்கு" என்று மூடினார். பாய் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் அவரைப் பார்த்தேன். ஐம்பது அறுபது பேர் சத்தம் போட்டுக்கொண்டு தோல்களைக் குழியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்து ஓடிய அந்த நாற்றத்துக்கு நடுவே, ஆவாரம்பட்டை மூட்டைகளின் மேல் பாய் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். டீ வாங்கிவரச் சொன்னார். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்.

"பாய், அன்னிக்கு மலையில..." என்று ஆரம்பித்தேன்.

"டீ ஆறிடும். குடி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது அவர் இல்லை.